ஒரு முடி கனம்

அச்சின் விலாவில் பொறித்திருந்தது
முந்நூற்றுப் பதினான்கு.
திறந்தால் விழுவது
முந்நூற்றுப் பதினொன்று.
நூறு குண்டு வார்த்தேன்.
நூறும் ஒரே குரலில்
அதே பொய்யைச் சொல்லின.

அங்குலத்தை ஆயிரமாய் நறுக்கினால்
அதில் மூன்று துண்டு குறைகிறது.
என் நரைமுடி ஒன்றைப் பிடுங்கி
மைக்ரோமீட்டரின் தாடைக்குள் வைத்தேன்:
சரியாக மூன்று.
ஆக, எனக்கும் துப்பாக்கிக்கும் நடுவே
ஒரு முடிதான் வழக்கு.

வடக்கு மினசோட்டாவில் ஜனவரி.
கராஜ் கதவுக்கடியில் பனி நாக்கு நீட்டுகிறது.
பனி தள்ளும் இயந்திரம் எடுக்க
ஏலத்துக்குப் போன நான்
பழைய ரஷ்யத் துப்பாக்கியோடு திரும்பினேன்.
வெண்டல் இன்னமும் மண்வாரியால்தான்
வழி வெட்டுகிறார்,
ஒவ்வொரு அள்ளலும் எனக்குக் கேட்கும்படி.

மெலிந்த குண்டு அந்தக் குழலுக்குள்
அண்ணன் சட்டைக்குள் தம்பி.
சுழல்வரிகளைப் பற்றாது.
போகிற வழியெல்லாம் ஈயத்தை அப்பிவிட்டு
தாளில் குறுக்காகப் படுத்து நுழையும்.
ஐம்பது கஜத்தில் நான் சுட்டவை
வட்டங்கள் அல்ல, சாவித் துவாரங்கள்.
ஏழு துவாரம்.
திறக்க ஒரு கதவும் இல்லை.

அச்சு விற்ற ஐடஹோக்காரரைக் கூப்பிட்டேன்.
லைல் ப்ராக்டர். இனிமையான குரல்.
"அச்சில் குற்றமே இல்லை, அம்மணி.
உங்கள் ஈயம் மென்மை. உங்கள் குழல் தேய்ந்தது."
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள்.
இங்கே கூடமே வாய் திறந்து
ஆடுகிறவள் கோணல் என்கிறது.

சூட்டைக் கூட்டினேன்.
குண்டின் மேல் சாம்பல் பூத்தது, சதை பிடிக்கவில்லை.
மூடிப்போன செய்தித்தாள் ஆபீசின் அச்செழுத்துகள்
காபி டின் நிறையக் கிடந்தன.
கெட்டி உலோகம், ஆறும்போது அதிகம் ஒடுங்காது.
அள்ளிப் போட்டேன்.
காற்புள்ளிகள் உடனே கரைந்தன.
ஒரு கேள்விக்குறி மட்டும்
கொஞ்ச நேரம் மிதந்துகொண்டிருந்தது.
ஆயிரத்தில் ஒன்று கூடியது.
இன்னும் இரண்டு.

மூக்குநுனி சிவக்க வெண்டல் உள்ளே வந்தார்.
இரண்டு நாளாய்ப் பேச்சில்லை.
அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"ரெண்டு பாதியையும் இப்படி இறுக்கிச் சாத்தினா எப்படி?
நடுவுல கொஞ்சம் இடம் விடு."
அச்சைப் பற்றித்தான் சொன்னார்.

உலைக்குழாய்க்கு ஒட்டும் அலுமினிய டேப்பை
நகவெட்டு அகலத்தில் கிழித்து
ஒரு பாதியின் முகத்தில் ஒட்டினோம்.
விழுந்தது குண்டு அல்ல, முட்டை:
ஒரு பக்கம் பதினான்கு, மறு பக்கம் பன்னிரண்டு,
விலா இரண்டிலும் ஈயச் சரிகை.
பேச்சு திரும்பியதோடு சரி.

கடைசி வழி அறுப்பு வேலை.
வார்த்த குண்டின் அடியில் ஒரு திருகாணி,
மேலெல்லாம் வால்வு தேய்க்கிற பசை.
அச்சுக்குள் வைத்து மூடி
அவர் கைப்பிடியை அழுத்த, நான் சுற்றினேன்.
பத்துச் சுற்று. துடை. வார். அள.
இன்னொரு பத்து.
இரும்பைத் தின்னலாம், கக்க முடியாது;
அதனால் மூச்சைக்கூட எண்ணித்தான் விட்டோம்.
"போதும்" என்றேன்.
"இன்னும் ரெண்டு" என்றார்.

முந்நூற்றுப் பதினான்கரை.

அந்த அரை யாருடையது என்று
இன்றுவரை தீரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் சுட்டேன்.
முதல் ஓட்டை வட்டம்.
காசை வைத்து வரைந்த வட்டம்.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவது தாளிலேயே இல்லை,
அதற்கு எந்த அச்சையும் குறை சொல்ல முடியாது.
பனிக்குள் எங்கோ போய்விட்டது.
"ஏப்ரல்ல தேடிக்கலாம்" என்று
மண்வாரியைத் தோளில் போட்டார் வெண்டல்.

அன்றிரவு அவர் தூங்கும்போது
காதோரம் மிஞ்சியிருந்த முடி ஒன்றைப்
பிடுங்கிக்கொண்டு கராஜுக்கு ஓடினேன்.
இரண்டரை.
யாரிடமும் சொல்லவில்லை.